வெயிலில் வைத்த முளைப்பாரி

திலகவதி அக்கா முளைப்பாரியைத் தூக்கி மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டாராம், அதுவும் என் மகள் சொல்லித்தானாம். இதை எனக்குச் சொன்னது இசைவாணி. இசைவாணிக்குச் சொன்னது அவள் மாமியார். மாமியாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், இலுப்பூர் சந்தையில் பேசிக்கொண்டார்களாம். இசைவாணியின் புகுந்த வீடு இலுப்பூர். இங்கே பஹ்ரைனில், மனாமாவில் நாங்கள் இருவரும் ஒரே கிளினிக்கில் வேலை பார்க்கிறோம். அவள் நர்ஸ், நான் கணக்குப் பிரிவு.

“அம்மன் கோவிச்சுக்கிட்டா மழை வராதுன்னு ஊர்ல கசமுசாங்கிறாங்களாம். எனக்கென்னடி தெரியும், நான் சர்ச்சுக்குப் போறவ” என்று சொல்லிவிட்டு அவள் ஊசி போடப் போய்விட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் அம்மனுக்குப் பயந்திருப்பாள். எனக்கும் அந்தப் பயம் வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது இதுதான்: விதைப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்களா? நான் இல்லாமலா?

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவர் குணசேகரனின் அண்ணன் மனைவி. எனக்கு ஓர்ப்படியாள், என் மகள் வைஷ்ணவிக்குப் பெரியம்மா. போன வருஷம் என் கணவரைக் கம்பெனி பாலத்துக்கு அந்தப் பக்கம், சவுதியில் இருக்கும் தம்மாமுக்கு மாற்றியது. நான் கிளினிக்கிலிருந்து வீடு திரும்ப இருட்டிவிடும். எட்டு வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? ஒரு வருஷம் மட்டும் ஊரில் இருக்கட்டும், அதற்குள் இவர் திரும்ப மாற்றல் வாங்கிவிடுவார் என்று முடிவானது. இலுப்பூரை ஒட்டிய எங்கள் ஊரில், மாமனார் கட்டிய வீட்டில், இவர் அண்ணன் ரகுநாத் மாமாவும் திலகவதி அக்காவும் மட்டும்தான். அவர்கள் மகன் வெற்றிசெல்வன் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறான். இடமும் இருந்தது, மனசும் இருந்தது. நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வருஷத்துக்காகப் பள்ளியில் போட்டுக் குழப்ப வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொன்னது நான்தான். இங்கே திரும்பி வந்ததும் பரீட்சை வைத்துத்தான் சேர்ப்பார்கள். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் ஆன்லைனில் ஒரு டீச்சர் கிடைத்தார். சயின்ஸை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு இங்கிலீஷுக்கு மாறி, ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று தெரிந்தும் அதை இங்கிலீஷில் எழுதத் தெரியாமல் பெஞ்சில் முழித்தவள். என் மகள் அப்படி முழிக்கக் கூடாது. அதற்காகப் பல நாள் தேடி, வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று தயாரித்த ஒரு பாடப் பெட்டியை வரவழைத்து ஊருக்கு அனுப்பினேன். அதில் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம், பிள்ளைக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், காந்தம், குட்டி மைக்ராஸ்கோப், பாடத்துக்கு ஒன்றாக எண் போட்டு ஒட்டிய பொட்டலங்கள் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. வீடியோ காலில் நான் நடத்துவது, பெட்டியிலிருந்து சாமான் எடுத்துக் கொடுத்து போனைப் பிடித்துக்கொள்வது மட்டும் அக்கா. உள்ளதைச் சொன்னால், அவரை நான் ஒரு போன் ஸ்டாண்டாகத்தான் நினைத்திருந்தேன்.

அவர் பி.எஸ்சி. பிசிக்ஸ் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

திலகவதி அக்கா நார்த்தாமலைப் பெண். அவர் அப்பா ராக்கன், அங்கே பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடை வருமானத்தில் மகளைப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தார். கடைசி வருஷத்தில் ஒளியியல் பேப்பரில் அக்காவுக்கு அரியர் விழுந்தது. திரும்ப எழுதுவதற்குள் கல்யாணம். கல்யாணமான பிறகு எழுதலாம் என்றார்கள், வெற்றிசெல்வன் வயிற்றில் வந்தான். அவன் பிறந்த பிறகு எழுதலாம் என்றார்கள், அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா இலுப்பூர் கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. மகனுக்கு அக்கா பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதெல்லாம் “அரியர் டீச்சர் வந்துட்டாக, எந்திரிச்சு நில்லுடா” என்பாராம். பையனும் சிரிப்பானாம். கடைசியில் டியூஷன் வைத்துவிட்டார்கள். அக்கா பதிலுக்கு மாமாவுக்கு யூரியா என்று பேர் வைத்ததோடு சரி. பெற்ற பிள்ளைக்கே ஒரு வரி சொல்லிக் கொடுக்க வாய்க்காதவர் வீட்டில்தான் என் பெட்டி போய் இறங்கியது.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை போன் ஒழுங்காக நின்றது. மூன்றாவது வாரம் அதைப் புளி ஜாடியில் சாய்த்து வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் ஜாடி சரிந்து, எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சுற்றும் ஃபேன். கீழே இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. வழிகாட்டிப் புத்தகம் ஏதோ வெளிநாட்டுச் சர்க்கரைப் பாகு கேட்டிருந்தது. அக்கா கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி ஊற்றி, அதன்மேல் தண்ணீர், அதன்மேல் நல்லெண்ணெய் என்று டம்ளரில் அடுக்கிக்கொண்டிருந்தார். “எங்கே, அம்மாவுக்குக் காட்டு” என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பாடம் முடிந்ததும் அந்தப் பாகை இரண்டு பேரும் நக்கித் தின்றார்கள் போலிருக்கிறது. அதுவும் சத்தமாகத்தான் கேட்டது.

ஆயுத பூஜைக்குப் பெட்டியும் சாமி முன்னால் உட்கார்ந்தது. அரிவாளுக்கும் தராசுக்கும் மாமாவின் பைக்குக்கும் வைத்த கையோடு அக்கா மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். எங்கே வைப்பது என்று பார்த்து, வட்டமாகப் பளபளவென்று இருந்த இடத்தில் வைத்தார். ஒளியியலில் அரியர் வைத்தவர் பொட்டு வைத்தது லென்ஸில். காய்ந்த பிறகு முந்தானையால் தேய்த்ததில் ஒரு மஞ்சள் திட்டு அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வைஷ்ணவி வரைந்து அனுப்பிய வெங்காயத் தோல், எறும்புக் கால், உப்புக் கல் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு பிறை. இதென்னடி என்று கேட்டேன்.

“அது சந்தனங்கம்மா. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைத்தான் வரையணும், இருக்கிறதை இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என்னை வாங்க போங்க என்கிறாள். பெரியம்மா என்றால் சொல்லுச்சு, வந்துச்சு. பின்னாலிருந்து அக்கா ஏதோ கேட்க, “நீ சும்மா இரு, நான் அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்ல” என்று அதட்டுகிறாள். எங்கள் வீடுகளில் பிள்ளை யாரை நீ என்று அதட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் மரியாதை.

அன்று நான் பெட்டியின் பாடவரிசையை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கென்று ஒரு பாடம் தேடினேன். ஒன்பதாவது பாடம், விதையும் வெளிச்சமும். ஒரே மாதிரி இரண்டு தொட்டி, ஒன்றை இருட்டில் வைக்க வேண்டும், ஒன்றை வெளிச்சத்தில். பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு நான் லீவில் வருவதாக இருந்தது. வந்து, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையால் அதை நடத்துவேன். அக்காவிடம் சொன்னேன், அந்த ஒன்பதாம் பொட்டலத்தை மட்டும் பிரிக்காதீங்க, அது எனக்கு.

“சரி தாயி, ஒன் பொட்டலம் ஒனக்கு. வேணும்னா பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவிய பார்சல்ல அனுப்பிரட்டுமா?”

கேலிதான், ஆனால் குரலில் கேலி குறைவாக இருந்தது. நான் கவனிக்காத மாதிரி வேறு பேச்சுக்குப் போனேன்.

பங்குனி வந்தது, கூடவே கிளினிக்கில் ஆடிட் வந்தது. லீவு கிடையாது என்றுவிட்டார்கள். மே மாதம் வருகிறேன், அதற்குள் இவருக்கும் மாற்றல் வந்துவிடும், அப்படியே வைஷ்ணவியையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று டிக்கெட் போட்டேன். திருவிழா வேலையில் அக்காவும் அதிகம் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் இசைவாணி இந்த வதந்தியைக் கொண்டுவந்து கொட்டினாள்.

அக்காவுக்குப் போடாமல் மாமாவுக்கு போன் போட்டேன். அவரிடம் கேட்டால் கூடக் குறைய எல்லாம் வந்துவிடும். கடையில் இருந்தார். யாரிடமோ “டிஏபி நாளைக்குத்தான் வரும், போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் முளைப்பாரி போடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு தானியம் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கோயிலில் ஒன்றாகக் கலந்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அதை எருப் போட்ட மண்சட்டி ஓட்டில் விதைத்து, வெளிச்சம் படாத பொது வீட்டில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவார்கள். முளை மஞ்சளாக, நீளமாக வந்தால் அம்மன் மஞ்சள் பூசி வந்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்த வருஷம் அக்கா ஓடு போட்டார். கூடப் போன வைஷ்ணவி, இருட்டில் வைத்ததால்தான் மஞ்சளாக வருகிறதா, இதைத்தானே ஒன்பதாவது பாடத்தில் கேட்டிருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். வழிகாட்டிப் புத்தகத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டிருந்தாள். ஒன்பதாம் பொட்டலத்தைப் பிரி என்று அழுதாளாம். அக்கா பிரிக்கவில்லை.

“நீ பிரிக்கக் கூடாதுன்னு சொன்னியாமே. ஒன் பேச்சை அவ தட்டல. கடை விதை கொண்டாரவான்னு கேட்டேன், அது மருந்து தடவினது, பிள்ளை கை வைக்கக் கூடாதுன்னுட்டா. அப்புறம் ஒம் மக ஒண்ணு சொன்னா பாரு. வெளிச்சம் ஒண்ணு மட்டுந்தான் வேற வேறயா இருக்கணும், மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கணுமாம், அப்பத்தான் சோதனையாம். அப்படின்னா விதையும் அதே விதையா இருக்கணும்ல? கோயில்ல குடுத்த தானியத்துல ஒரு கைப்பிடி மிச்சம் இருந்துச்சு. அதே எரு, அதே மாதிரி ஓடு. ஒம் மகதான் விதைச்சா. மொட்டை மாடியில வச்சாச்சு.”

ஆக, தூக்கி வெயிலில் வைத்ததெல்லாம் இல்லை. அக்காவின் முளைப்பாரி இருட்டிலேயேதான் இருந்தது. மாடியில் இருந்தது அதன் ஜோடி. பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், கும்மிக்குத் தலைமைக்காரியான சின்னப்பிள்ளை மதினி வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“ஏ திலகவதி, நீ ஆத்தாளுக்கு மொளை போட்டியா, ஆராய்ச்சிக்கு மொளை போட்டியா?”

“ரெண்டுக்குந்தான் அத்தை. இருட்டுல வச்சா மஞ்சளாத்தான் வரும், எங்க பெட்டியிலயே போட்டிருக்கு” என்றாளாம் வைஷ்ணவி.

“அப்படியாடி? ஆத்தா எங்க ஊருக்கு எப்ப மழை தருவான்னும் ஒங்க பெட்டியில போட்டிருக்கா, பாத்துச் சொல்லு.”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்ததால் சண்டை கொஞ்சம் இறங்கியது. சின்னப்பிள்ளை மதினி மாடிக்கே ஏறிப் போய்ப் பார்த்தாராம். குட்டையாக, கரும்பச்சையாக, அடர்ந்து நின்றதாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். தானியம் கோயில் தானியம். எங்கே முளைத்தாலும் அது அம்மன் முளைதான். மற்றதோடு சேர்த்து எடுத்துக்கொண்டுபோய் ஊருணியில் கரைத்தாக வேண்டும். விதைத்தது யாரோ அவள்தான் தலையில் எடுக்க வேண்டும்.

“அதனால ஒம் மக முளைப்பாரி எடுக்குறா. பயப்படாத, இலுப்பூர்ல பேசுறதெல்லாம் பழைய சேதி” என்று மாமா சிரித்தார்.

நான் பயப்படவில்லை. ஒன்பதாம் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் அந்த பீரோவில் இருக்கிறது. அக்கா சொன்ன சொல் தவறவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. பொட்டலத்தைத்தான் எனக்கு வைத்தார்கள், பாடம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே வைஷ்ணவியின் குரல் பதிவு வந்தது. “அம்மா, இருட்டுல வச்சது உயரமா இருக்குங்கம்மா, ஆனா தொட்டா சாயுது. வெயில்ல வச்சது குட்டை, ஆனா கெட்டியா நிக்குது. இருட்டுல இருக்கிறது வெளிச்சம் எங்கிட்டு இருக்குன்னு தேடித் தேடித்தான் நீளமா வளருதாம்.” எங்கிட்டு. அந்தச் சொல் என் வீட்டில் அவள் கற்றதில்லை. நான் பிறந்த ஊரான அறந்தாங்கியில் பேசியதை இங்கே வந்து விட்டுவிட்டேன். அந்தப் பதிவை கிளினிக் கேன்டீனில் வைத்து எத்தனையோ முறை கேட்டேன். பாடத்தில் தப்பு ஏதாவது இருந்தால் திருத்தலாம் என்றுதான் கேட்டேன். தப்பு எதுவும் இல்லை.

திருவிழா வீடியோவை அனுப்பியது மாமா. கோயில் வாசலில் மஞ்சள் புடவைகளாக நிற்கிறார்கள். ஓடுகளில் வெளிர்மஞ்சள் முளைகள், முழ உயரத்துக்கு, பூச்சுற்றி நிற்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக, பச்சையாக. “ஏ, வெயில் மொளை வருது, வழி விடுங்க” என்று யாரோ கத்த, சிரிப்பு. அக்கா குந்தி உட்கார்ந்து சும்மாடு சுற்றுகிறார். அது என் துப்பட்டா. போன முறை கொடியில் காயப்போட்டு மறந்துவிட்டு வந்தது. அதை வட்டமாக என் மகள் தலையில் வைத்து, இரண்டு கையாலும் ஓட்டைத் தூக்கி ஏற்றி, அவள் மோவாயை ஒற்றை விரலால் நிமிர்த்துகிறார். பிறகுதான் தன் ஓட்டை எடுத்துக்கொள்கிறார். வைஷ்ணவி கேமராவைப் பார்க்கவே இல்லை. முன்னால் போகும் பெரியம்மாவின் காலைப் பார்த்து அடி வைக்கிறாள். பெற்றவள் தூக்கி ஏற்ற வேண்டிய ஓடு என்று எங்கும் சட்டம் இல்லை. ஆனால் அந்த வரிசையில் இருந்த மற்றச் சின்னப் பெண்களுக்கெல்லாம் அவரவர் அம்மாதான் ஏற்றினார்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன்.

மாமாவுக்கு போன் செய்து, வீடியோ நன்றாக இருந்தது என்றேன். பேச்சோடு பேச்சாக, மே மாதம் டிக்கெட் போட்டதை நினைவுபடுத்தினேன்.

“அது சரி. அடுத்த பங்குனிக்குப் பிள்ளையக் கூட்டியாந்துருவீல்ல?”

எதற்கு என்று கேட்டேன்.

“ஒருக்கத் தலையில எடுத்தா தொடர்ந்து மூணு வருசம் எடுக்கணும்ல. ஒனக்குத் தெரியாதா? அன்னைக்கு மாடியில வச்சே சின்னப்பிள்ளை கேட்டுச்சே, மூணு வருசம் எடுப்பியாடின்னு. ஒம் மக எடுப்பேன்னுட்டா.”

எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று வருஷம் என்றால் என்ன தெரியும்? பக்கத்தில் அக்கா இல்லையா, அவர் என்ன சொன்னார்?

“ஒண்ணும் சொல்லல. பிள்ளை பெரியம்மா மூஞ்சியப் பாத்துச்சு, இவ மொளையப் பாத்துக்கிட்டு நின்னா. திலகவதி வாயைத் தொறக்காம நின்னு நான் பாத்ததே அன்னைக்குத்தான்.”

மாமா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. மே மாதம் பிள்ளை கிளம்புகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். பள்ளிப் பரீட்சைத் தேதி தெரியும். பங்குனியில் இங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும், நினைத்தபோது லீவு கிடைக்காது என்பதும் தெரியும். கேட்டவர்களிடம், இவ மே மாசம் போயிருவா மதினி, நானே ரெண்டையும் எடுத்துக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருக்கிறதை இல்லையென்று சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். என் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு என் பிள்ளையை எடுத்துக்கொண்டாரா? அல்லது முளை பச்சையாக வந்ததில் அவருக்கு நிஜமாகவே வாயடைத்துப்போய்விட்டதா? அவர் வாழ்க்கையில் நினைத்தபடி நடந்த முதல் சோதனை அதுதான். இரண்டும் நடக்கக்கூடியதுதான். எது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததுதான் தாங்கவில்லை.

இசைவாணியிடம் சொன்னேன். “நீதானே கொண்டுபோய் விட்ட. நல்லா வளத்தாலும் குத்தமா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளைகிட்டயே கேளு” என்றாள்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மே மாதம் என்னோடு வருகிறாயா? அக்காவிடம் கேட்டால் சண்டையாகும், மாமாவிடம் கேட்டால் கதையாகும். வைஷ்ணவியிடம்தான் கேட்க வேண்டும். அவளுக்கென்று தனி போன் கிடையாது, அக்காவின் போனில்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன். மணி முழுதும் போய் நின்றது. முளை கரைத்த மறுநாள், விரதம் முடிந்து வீட்டில் கறிச்சோறாக இருக்கும், சமையல் சத்தத்தில் கேட்டிருக்காது. போன் வழக்கம்போலப் புளி ஜாடியில் சாய்ந்திருக்கும். மாடியில் அடுத்த பாடத்துக்கு ஏதாவது வைத்துக்கொண்டிருப்பார்கள். பத்தாவது பாடம் நிழல். வெயில் இறங்குகிற இந்த நேரம் அதற்கு நல்ல நேரம், எனக்கே தெரியும்.

மறுபடி அழுத்தினேன். அக்கா எடுத்தால் பிள்ளையிடம் கொடுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் கேட்கக் கூடாது. வைஷ்ணவியே எடுத்து வர்றேங்கம்மா என்று சொன்னால், அந்த ங்க வந்தாலும் பரவாயில்லை, டிக்கெட் அப்படியே இருக்கட்டும். வர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. இசைவாணி பக்கத்து நாற்காலியில் டீயை ஆற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மணி போய்க்கொண்டிருக்கிறது.